பாயிண்ட் 22 பஞ்சமும் பத்து மீட்டர் கூடமும்

முழுதாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாயிண்ட் 22 தோட்டா (0.22 அங்குல அளவுச் சின்னத் தோட்டா) கிடைக்காமல், ரைஃபிளை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கும் ஆள் நீங்கள் என்றால், நம் நாட்டிலேயே செய்த பத்து மீட்டர் பிசிபி ஏர் ரைஃபிள் (சிலிண்டரில் முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடுவது) ஒன்றை வாங்கிவிடுங்கள். குறைகள் உண்டு, அதில் இரண்டு நிஜமாகவே எரிச்சலூட்டுபவை, கீழே எழுதியிருக்கிறேன். அப்படியும் வாங்கலாம். கொக்கு அடிக்கலாமா, காடை அடிக்கலாமா என்று கேட்கிறவர்கள் (எங்கள் சொந்தத்தில் எல்லா மாமாக்களும் இதைத்தான் முதலில் கேட்டார்கள்) இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதுவும் தவிர இது காகிதத்தைச் சுடுவதற்கென்றே செய்த சாதனம்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. என் கையில் இருப்பது ஒரே ஒரு பீஸ், அதை வைத்து ஒரு கம்பெனிக்கே மார்க் போடுவது நியாயமில்லை. அதனால் இதை ஒரு பிராண்டின் விமர்சனமாக எடுத்துக்கொள்ளாமல் இந்த வகை ரைஃபிளின் விமர்சனமாக எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு தடவைக்கு ஒரு பெல்லட் (சின்ன ஈயக் குண்டு), கழற்றி மாட்டும் காற்று சிலிண்டர், பின்னால் டையாப்டர் சைட் (சிறு துளை வழியே குறிபார்க்கும் கருவி), லட்சத்துக்குள் விலை. இதே வேலைக்கு வரும் ஜெர்மன், ஆஸ்திரியன் ரைஃபிள்கள் இறக்குமதி வரியெல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று மடங்கு ஆகின்றன.

தோட்டாப் பஞ்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் ஒரு பாயிண்ட் 22 ஆள் ஏன் ஏர் ரைஃபிளுக்கு இறங்கி வருகிறான் என்பது புரியும். உலகத்தில் போட்டித் தரத்தில் பாயிண்ட் 22 தோட்டா செய்யும் இடங்களே கொஞ்சம்தான். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் ஈலி, ஜெர்மனியில் ஆர்டபிள்யூஎஸ், லாப்புவா குடும்பத்து எஸ்கே, இப்படி விரல்விட்டு எண்ணிவிடலாம். அமெரிக்காவில் 2013-இல் ஒரு தடவை, 2020-இல் கொரோனாவோடு இன்னொரு தடவை, ஜனங்கள் பயந்துபோய்ப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கியதில் பாயிண்ட் 22 கடைகளிலிருந்தே காணாமல் போனது. அப்புறம் 2022-இல் உக்ரைன் போர். பீரங்கிக் குண்டுக்குப் போகும் நைட்ரோசெல்லுலோஸ்தான் நம் சின்னத் தோட்டாவின் மருந்துக்கும் மூலப்பொருள், அதனால் ராணுவத்துக்கு ஆர்டர் குவியும்போது விளையாட்டுக்காரன் வரிசையில் கடைசிக்குப் போய்விடுகிறான். இதையெல்லாம் தாண்டி இந்தியாவுக்கு இறக்குமதி ஆகி, சென்னை டீலருக்கு வந்து, அதில் மிஞ்சியது கடலூர்க்காரன் காதில் விழுவதற்குள் தீர்ந்துவிடும்.

உள்நாட்டுத் தோட்டா இல்லையா என்றால் இருக்கிறது. பழைய ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டை 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள், தோட்டா, வெடிமருந்துப் பக்கம் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட முனிஷன்ஸ் இந்தியாவுக்குப் போனது. தேசிய அளவில் தகுதி மதிப்பெண் எடுத்து ‘ரினௌண்டு ஷூட்டர்’ ஆனவர்களுக்கு இறக்குமதிக்குத் தனி வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் படுத்துச் சுடுகிற எனக்கு அந்த வழி கிடையாது. டீலருக்கு போன் போட்டு, “அண்ணே, ஏதாவது வந்துதா?” என்று கேட்பதுதான் என் வழி.

வந்தாலும் பிரச்சினை தீராது. போட்டித் தோட்டாவில் லாட் என்று ஒன்று இருக்கிறது, அதாவது ஒரே தடவையில் சேர்த்துச் செய்த தொகுதி. ஒரே பெட்டி, ஒரே பெயர், ஆனால் லாட் மாறினால் உங்கள் பேரலுக்கு அது பிடிக்காமல் போகலாம். போன தடவை 50 மீட்டரில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்த குண்டுகள் இந்தத் தடவை ஐந்து ரூபாய் நாணயம், பத்து ரூபாய் நாணயம் என்று விரியும். வசதி உள்ள வீரர்கள் நாலைந்து லாட்டைச் சோதித்துப் பார்த்து, பிடித்ததை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். நமக்கு வந்ததை வாங்கு, இருப்பதைச் சுடு என்ற நிலைமை. ஸ்கோர் குறைந்தால் தப்பு கையிலா தோட்டாவிலா என்றே கண்டுபிடிக்க முடியாது, என்னைக் கேட்டால் பஞ்சத்தில் மிக மோசமான பகுதி இதுதான். பதுக்கி வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஒரு நேரத்தில் கையில் எத்தனை வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பதெல்லாம் லைசன்ஸிலேயே எழுதியிருக்கிறது. மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸில் போட்ட அந்தக் கையெழுத்துக்கு மேல் ஒரு தோட்டா வீட்டில் இருந்தாலும் வம்பு. சுட்ட கேஸை (தோட்டாவின் வெற்று உறையை) மறுபடி நிரப்பலாமே என்று ஒருவர் கேட்டார். பாயிண்ட் 22-இல் பற்றவைக்கும் மருந்து அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்கிறது, நசுங்கிய பிறகு அது குப்பைதான்.

இது போதாதென்று தேர்தல். அறிவிப்பு வந்த கையோடு லைசன்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வருவார். முடிவு வரும்வரை ரைஃபிள் அங்கே தூங்கும், சில வருஷம் தோட்டா வந்து இறங்குவதும் சரியாக அந்த மாதங்களில்தான் அமையும். எல்லைக் கதை வேறு. புதுச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், டவுன் பஸ் தூரம், ஆனால் துப்பாக்கிச் சட்டத்துக்கு அது வேறு நிர்வாகம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் லைசன்ஸோடு கன்னியக்கோயிலைத் தாண்டிப் பாயிண்ட் 22-ஐக் கொண்டுபோக முடியாது.

ஏர் ரைஃபிளுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, 20 ஜூல் சக்தியைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசன்ஸ் வேண்டாம். பத்து மீட்டர் ரைஃபிள் ஏழெட்டு ஜூல்தான். வாங்கும்போது ஆதார் நகல், முகவரி கேட்டு வாங்கிக்கொண்டார்கள், பில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த பில்லை லேமினேட் பண்ணிப் பையிலேயே வைத்திருங்கள்.

இப்போது ரைஃபிளுக்கு வருகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் மனதுக்குப் பிடித்தது ட்ரிகர். ஏர் பிஸ்டல் போட்டிக்கு ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்று விதி, ஏர் ரைஃபிளுக்கு அந்தக் கட்டுப்பாடே கிடையாது. அதனால் இதை ஒரு திருகில் மூச்சுப்பட்டால் போதும் என்ற அளவுக்குக்கூடத் தளர்த்திவிடலாம். நான் தளர்த்தவில்லை. என் பாயிண்ட் 22-இன் ட்ரிகர் கொஞ்சம் கனமானது. அதன் கனத்துக்கு இதைக் கிட்டத்தட்டக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன், இரண்டு கட்ட இழுப்பில் முதல் கட்டம் முடிகிற இடமும் ஒத்துப்போகும்படி. தோட்டாவுக்குப் பதிலாக இதை வாங்குகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன். விரலுக்கு இரண்டு துப்பாக்கி என்று தெரியவே கூடாது.

இரண்டாவது, டிரை ஃபயர் வசதி. ஒரு சின்ன லீவரைத் திருப்பினால் காற்றும் போகாது, பெல்லட்டும் வேண்டாம், ட்ரிகர் மட்டும் அப்படியே நிஜம்போல் உடையும். பாயிண்ட் 22-இல் தோட்டா போடாமல் ட்ரிகரை இழுத்தால் ஊசி போய் சேம்பர் (தோட்டா உட்காரும் இடம்) விளிம்பில் அடித்து நாளடைவில் அங்கே ஒரு பள்ளம் விழும், டம்மி தோட்டா போட்டுத்தான் பழக வேண்டும். ஸ்பிரிங் ஏர் கன்னில் அதைச் செய்யவே கூடாது, முன்னால் காற்றின் தடை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் இடிக்கும். இதில் டிவி பார்த்துக்கொண்டே இழுத்துக்கொண்டிருக்கலாம். என் பயிற்சியில் பாதிக்கு மேல் இப்போது டிரை ஃபயர்தான். காசே இல்லாத பாதி அது.

காற்று நிரப்புவதுதான் இந்த வாழ்க்கையில் பெரிய வேலை. சிலிண்டரில் 200 பார் ஏற்ற வேண்டும். கார் டயரில் இரண்டு, இரண்டரை பார் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்று கட்டக் கைப்பம்பு ஒன்று தனியாக விற்கிறார்கள். 100 பார் வரை உடற்பயிற்சி, 150 வரை தண்டனை, அதற்கு மேல் பிராயச்சித்தம். நடுவில் பம்பு சூடாகி நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும். எனக்குப் பெரிய கவலை வியர்வை அல்ல, ஈரம். கடலூர்க் காற்றில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்துத்தானே பம்பு உள்ளே அழுத்துகிறது? ஈரம் வடிகட்டும் பகுதி ஒன்று உண்டு, ஐப்பசி கார்த்திகையில் அதன் மணிகள் போட்ட வேகத்தில் நிறம் மாறிவிடும்.

அதனால் புதுச்சேரி. அங்கே கடலுக்குள் ஸ்கூபா டைவிங் கூட்டிப்போகும் கடைகள் இருக்கின்றன. அவர்கள் நிரப்புவது மனிதன் மூச்சுவிடும் காற்று, ஈரமும் எண்ணெயும் வடிகட்டியது, அதுவும் 200 பாருக்கு. ஒரு அடாப்டர் வாங்கிக்கொண்டால் பெரிய ஸ்கூபா சிலிண்டரிலிருந்து ரைஃபிள் சிலிண்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் போகும் கடைத் தம்பி முதல் முறை என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், சிலிண்டர் மேல் அடித்திருந்த தயாரிப்புத் தேதியைப் படித்துவிட்டு, “பத்து வருஷம் தாண்டினா கொண்டு வராதீங்க சார், நிரப்ப மாட்டேன்” என்று கறாராகச் சொன்னார். அப்படிச் சொல்லும் ஆளிடம்தான் நிரப்ப வேண்டும். மெதுவாக நிரப்பினார், அவசரமாக ஏற்றினால் சூடாகி, ஆறியதும் அளவு இறங்கிவிடும். ஒரு நிரப்பலில் சில நூறு ஷாட் வருகிறது, வாரக்கடைசி ஆளுக்கு மாதம் ஓடிவிடும்.

திரும்பி வரும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். புதுச்சேரியிலிருந்து வரும் எந்தப் பையும் அங்கே சந்தேகத்துக்குரியதுதான், எதைத் தேடுவார்கள் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ரைஃபிள் வீட்டில் இருந்தது, பையில் சிலிண்டர் மட்டும். காவலர் அதை எடுத்து எடை பார்த்தார், காதருகே வைத்துக் குலுக்கினார்.

“இதுல என்ன சார் ஊத்தியிருக்கீங்க?”

“காத்து சார்.”

“காத்தா?”

“காத்துதான் சார். இந்த மீட்டரைப் பாருங்க.”

மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாண்டிக்குப் போய்க் காற்று வாங்கிக்கொண்டு வருகிறவனை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை போல. “போங்க, போங்க” என்றார்.

சுடும் இடத்துக்கு வருவோம். முதுநகர்ப் பக்கத்துப் பழைய வீடுகள் அகலம் கம்மி, நீளம் அதிகம். ரேழியில் நின்றால் கூடம், முற்றம், அடுக்களை வழி தாண்டிக் கொல்லைச் சுவர் தெரியும். எங்கள் வீட்டில் கூடத்துக் கோடியிலிருந்து பின்கட்டுச் சுவர் வரை டேப் பிடித்தால் பத்து மீட்டரும் இரண்டடியும். டார்கெட் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், வெளிச்சம் குறைந்தது 1500 லக்ஸ் வேண்டும் என்பது போட்டிக் கணக்கு, கடையில் கிடைக்கும் ஒரு எல்இடி ஃபோகஸ் லைட்டை அருகில் வைத்தால் சமாளித்துவிடலாம். அட்டை எட்டு சென்டிமீட்டர் சதுரம், அதில் பத்து மார்க் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பத்து மீட்டரிலிருந்து அது கண்ணுக்கே தெரியாது, கறுப்பு வட்டத்தை சைட் வளையத்துக்குள் நடுவாக வைத்து நம்பிச் சுட வேண்டியதுதான்.

பெல்லட் பிடிக்கும் பெட்டியில் கஞ்சத்தனம் வேண்டாம். இரும்புத் தகட்டில் நேராகப் பட்டால் ஈயம் தெறித்துத் திரும்பி வரும். சாய்த்து வைத்த தகடு, அதன் முன்னால் கனமான சாக்குத் துணி, அடியில் தூளைச் சேகரிக்கும் தட்டு என்று கொத்தனாரிடமும் வெல்டரிடமுமாகச் செய்து வாங்கினேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கொல்லைக் கதவுக்கு உள்பக்கத் தாழ், சுடும் நேரத்தில் அடுக்களை வழியில் யாரும் குறுக்கே வரக் கூடாது. வீட்டில் போட்ட நிபந்தனைகள் இன்னும் கறார்: சுட்டு முடித்து சோப்பு போட்டுக் கை கழுவாமல் காபி கிடையாது, பெல்லட் டப்பா அடுக்களைப் பக்கமே வரக் கூடாது. ஈயம் விஷம், அதில் வீட்டில் சொல்வதுதான் சரி. மொட்டைமாடியில் சுடலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். தவறி மேல்நோக்கிப் போகும் பெல்லட் சில நூறு மீட்டர் போய்விடும், நாலு தெரு தள்ளி யார் தலை என்று தெரியாது.

சத்தம்? பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இன்றுவரை நான் பின்கட்டில் ஏதோ ஆணி அடிக்கிறேன் என்றுதான் எண்ணம்.

சரி, எப்படிச் சுடுகிறது? துப்பாக்கியை பெஞ்சில் வைத்துச் சுட்டபோது நல்ல பெல்லட்டில் ஐந்தும் ஒரே ஓட்டையாகக் கிழிந்தன. அதற்கு மேல் எனக்குத் தேவையில்லை, நின்று சுடும்போது என் கைதான் அந்த ஓட்டையைப் பெரிதாக்குகிறது. இங்கேதான் பாயிண்ட் 22 ஆட்களுக்கு ஒரு விஷயம். பாயிண்ட் 22 குண்டு நொடிக்கு முந்நூறு மீட்டருக்கு மேல் பறந்து பேரலை விட்டு ஓடிவிடும். ஏர் ரைஃபிள் பெல்லட் அதில் பாதி வேகம்தான், நூற்றெழுபது மீட்டர் பக்கம், பேரலுக்குள் அதிக நேரம் இருக்கிறது. ட்ரிகர் உடைந்த பிறகு தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம், தோளைத் தளர்த்தும் பழக்கம், இதெல்லாம் பாயிண்ட் 22-இல் ஓரளவு மன்னிக்கப்படும், இதில் அட்டையிலேயே எழுதிக் காட்டிவிடும். நான் வருஷக்கணக்காகத் தோட்டாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்த, வலது மேல் பக்கம் விழும் அந்த எட்டு மார்க், ஏர் ரைஃபிளிலும் அதே இடத்தில் வந்து விழுந்தது. லாட் சந்தேகம் அன்றோடு ஓய்ந்தது. பணத்துக்கு மதிப்பு என்று பார்த்தால் எனக்கு அந்த ஒரு அட்டையே போதும்.

இது சொல்லித்தராத பாடம் காற்று. கூடத்துக்குள் காற்றில்லை. 50 மீட்டரில் ஒரு மிதமான பக்கக்காற்றே பத்தை எட்டாகவோ ஏழாகவோ ஆக்கும். நம் கரையில் வெயில் ஏறியதும் கடல்காற்று புகுந்துவிடும், கொடி எப்போது படபடக்கிறது, எப்போது தொங்குகிறது என்று பார்த்துச் சுடுவதே ஒரு தனிக் கலை. அதற்குப் பாயிண்ட் 22-தான் வேண்டும். அதனால் கையில் இருக்கும் கொஞ்சத் தோட்டாவை இப்போது காற்றுக்கு மட்டுமே செலவழிக்கிறேன். படுக்கும் விதம், மூச்சு, ட்ரிகர் என்று எதற்கும் ஒரு தோட்டாகூடக் கிடையாது, அதெல்லாம் கூடத்துக் கணக்கு. ரேஞ்சுக்குப் போனால் காற்று உள்ள நேரமாகப் பார்த்துப் போகிறேன், முன்பெல்லாம் காற்றில்லாத விடியற்காலையைத் தேடிப் போவேன். ஒரு பெட்டி 50 தோட்டா முன்னெல்லாம் ஒரு காலை நேரத்தில் காலியாகும், இப்போது அது பல வாரம் வருகிறது.

பெல்லட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பஞ்சம் அங்கேயும் எட்டிப்பார்க்கிறது. ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 இரண்டும் ஜெர்மன் சரக்கு, 500 கொண்ட தட்டை டப்பா, ரைஃபிளுக்கானது ஒன்று 0.53 கிராம், தலை தட்டையாக இருப்பதால் காகிதத்தில் பஞ்ச் போட்டதுபோல் வட்டமாக வெட்டும். தலையளவு 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வருகிறது, என் பேரலுக்கு 4.50 பிடித்தது. இரண்டும் அருமை, இரண்டும் எப்போதும் கிடைக்காது. கிடைக்கும்போது ஒரே லாட் நம்பரில் நாலைந்து டப்பா எடுத்துவிடுங்கள், இதற்கு லைசன்ஸ் வரம்பு கிடையாது. உள்ளூர்ச் சரக்கு ஒன்றையும் வாங்கினேன், விலை அடிமட்டம். நகை நிறுக்கும் சின்ன மின்தராசில் போட்டுப் பார்த்தால் ஒரே டப்பாவுக்குள் எடை முன்னுக்குப் பின். சிலவற்றின் பின்பக்கப் பாவாடை விளிம்பு நசுங்கியிருந்தது. இதை வைத்து ஸ்கோர் பார்க்காதீர்கள், நீங்கள் பத்து சுட்டிருப்பீர்கள், அது எட்டு என்று பொய் சொல்லும். ஆனால் தூக்கிப் போடவும் வேண்டாம். அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை வைத்து, புள்ளியே இல்லாமல் ட்ரிகரை மட்டும் கவனித்துச் சுடுங்கள். அந்தப் பயிற்சிக்கு மட்டப் பெல்லட்டே போதும், நல்லது மிச்சமாகும். ஒரு நல்ல இறக்குமதித் தோட்டாவின் காசுக்கு ஒரு கைப்பிடி பெல்லட் வந்துவிடுகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குறைகள். முதல் எரிச்சல் காற்றுக் கசிவு. வாங்கிச் சில மாதத்தில் இரவு 180 காட்டிய மீட்டர் காலையில் 120 காட்டியது. கம்பெனிக்குப் போன் செய்தால் மரியாதையாகப் பேசினார்கள், கூரியர் பண்ணுங்கள் என்றார்கள். கூரியர் கடையில் பெட்டியின் மேல் ‘ரைஃபிள்’ என்று படித்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வேறு கூரியர், அதே கும்பிடு. ‘விளையாட்டுச் சாமான்’ என்று எழுதச் சொல்லி அறிவுரை வேறு, பொய் எழுதி அனுப்பி வழியில் யாராவது திறந்தால் என் ஆதார்தான் மாட்டும். கடைசியில் தேய்ந்தது வால்வில் இருந்த ஒரு ஓ-ரிங் (காற்றைக் கசியவிடாமல் அடைக்கும் வளையம்) என்று கம்பெனி மெக்கானிக் போனிலேயே கண்டுபிடித்துச் சொல்ல, சிப்காட் பக்கம் ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடையில் அதே அளவு, அதே கடினம் உள்ளதை வாங்கிப் போட்டேன். கையில் இருப்பதிலேயே விலை குறைந்த உதிரிபாகம், அது இல்லாமல் ரைஃபிள் வெறும் தடி. ஒன்று சொல்ல வேண்டும், சிலிண்டர் காற்றை முழுவதும் இறக்காமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள், 200 பார் விளையாட்டு அல்ல. உதிரிபாகப் பையை ரைஃபிளோடு சேர்த்துக் கொடுக்காமல் வாடிக்கையாளரை அலையவிடுவது சரியில்லை, இதற்கு முழுசாக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

இரண்டாவது, டையாப்டர் சைட். ஒரு கிளிக் இடது வைத்தால் நகராது, இரண்டாவது வைத்தால் இரண்டும் சேர்ந்து நகரும். திருப்பி வலது வந்தால் இன்னொரு கணக்கு. வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் ஒரே திசையிலிருந்து திரும்பி வந்து நிறுத்தினால் ஒழுங்காக நிற்கிறது, பழகிவிடலாம், ஆனால் இந்த விலைக்குப் பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. மரக்கட்டைக் கன்னப்பட்டையை உயர்த்தும் திருகும் சீக்கிரம் வழுக்கியது.

துரு என்பது துப்பாக்கியின் குறை அல்ல, ஊரின் குறை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகில் கரையேறிய வாரத்தில், கரண்ட் இல்லாத புழுக்கத்தில், டார்கெட் அட்டைகள் அப்பளம் ஊறியதுபோல் வளைந்துவிட்டன, அந்த அட்டையில் சுட்டால் ஓட்டை வட்டமாக வராமல் கிழியும். இப்போது அட்டை, பெல்லட், சைட் மூன்றும் சிலிக்கா பொட்டலம் போட்ட எவர்சில்வர் டப்பாவில். ரைஃபிளின் வெளி இரும்பை வாரம் ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். காற்றுப் பாதைக்குள் மட்டும் அந்த எண்ணெய் போகக் கூடாது, அழுத்தத்தில் பற்றிக்கொள்ளும்.

வேறு வழிகளையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் ஸ்பிரிங் ஏர் கன் குலுக்கலில் பாயிண்ட் 22-இன் கையை மறக்கடிக்கிறது, ட்ரிகர் வேறு ஜாதி, ஆனால் காற்று நிரப்பும் அலைச்சல் இல்லை. மின்னணுப் பயிற்சிக் கருவிகள் பேரலில் மாட்டினால் உங்கள் நடுக்கத்தையெல்லாம் திரையில் கோடு போட்டுக் காட்டும், விலையைக் கேட்டு நானே நடுங்கினேன். வெறும் டம்மி தோட்டா போட்டு டிரை ஃபயர் மட்டும் செய்கிறேன் என்பவர்களுக்கு என் மரியாதை, எனக்கு அட்டையில் ஓட்டை விழாவிட்டால் இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் பலூன் சுடும் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. மாசிமகக் கூட்டத்தில் என் மகன் அடித்தான், நான் அடிக்கவில்லை. அதன் பேரலை நேராக வைத்தால் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

இன்னொன்று, ஏர் ரைஃபிள் என்றால் குழந்தைச் சாமான் என்று பாயிண்ட் 22 ஆட்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதே பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். நம் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் இதில்தான், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போனதும் இதற்காகத்தான். எங்கள் கிளப்பில் வாய் கிழியப் பேசுகிறவர்கள் யாராவது நின்றுகொண்டு அந்த அரை மில்லிமீட்டர் புள்ளியை நாலு தடவை தொடர்ந்து எடுத்துக் காட்டட்டும், நான் டீ வாங்கித் தருகிறேன்.

ஐந்துக்கு மூன்றரை. ட்ரிகருக்கும் டிரை ஃபயருக்கும் பேரலுக்கும் முழு மார்க், சைட்டுக்கும் சர்வீஸுக்கும் வெட்டு. வாங்கப் போகிறவர்கள் பில் போடும் முன்னால் கேட்க வேண்டியவை: ஓ-ரிங் செட் இரண்டு, சிலிண்டரின் தயாரிப்புத் தேதி, ஸ்கூபா அடாப்டர் சேர்ந்து வருகிறதா, ரிப்பேர் என்றால் ரைஃபிளை அவர்கள் ஆள் வந்து எடுத்துக்கொள்வார்களா நாம் சுமக்க வேண்டுமா. கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கூரியர்க்காரர்கள் கும்பிடுவார்கள்.